நாலு நிமிடத்தின் வரவுசெலவு

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத்தான் தொடங்கியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒப்புக்கொள்ள வேண்டிய வேறு சங்கதிகளும் இருக்கின்றன. அவை வர இன்னும் கொஞ்ச நேரம் எடுக்கும்.

கட்டுரை கேட்டவர் குலசேகரம். ஈஸ்ட் ஹாமில் நகைக்கடை வைத்திருக்கிறார். எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளைக்குத் தலைவரும் அவர்தான். என்னைவிட ஐந்து வகுப்புக் கீழே படித்தவர் என்பதால் இன்றைக்கும் 'அண்ணை' என்றுதான் கூப்பிடுவார். அந்த 'அண்ணை' வந்தால் பின்னால் ஒரு வேலை வரும்.

"அண்ணை, மகன் அமெரிக்காவிலை படிக்கிறானெல்லே. அங்கை ஒவ்வொரு காலேஜுக்கும் ஸ்போர்ட்ஸாலை எவ்வளவு வருது, எவ்வளவு செலவழிக்கினம் எண்டு லிஸ்ற் போட்டு ஒப்பிடுறாங்களாம். நாங்களும் மலரிலை அப்பிடி ஒண்டு போடுவம். எங்கடை கல்லூரி ஒரு பக்கம், அவையின்ரை கல்லூரி மற்றப் பக்கம். நீங்கள் எழுதினாத்தான் நல்லா இருக்கும்."

(வெளியூர் வாசகர்களுக்கு: யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம்தான். 'அவையின்ரை கல்லூரி' என்பது தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த கத்தோலிக்கப் பள்ளிக்கூடம். இரண்டின் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. எனக்கு இன்னும் சில கலியாண வீடுகளுக்குப் போக வேண்டியிருக்கிறது.)

மலர் என்பது சங்கத்தின் வருடாந்த விருந்தில் கையில் தரும் புத்தகம். பாதி நகைக்கடை விளம்பரம், மீதி வீட்டுக்கடன் ஆலோசகர்களின் படம். இடையில் எங்கேயாவது என் எழுத்து ஒளிந்திருக்கும். இந்த வருடத்து மலர் விசேஷமானது. 1976இல் எங்கள் கல்லூரி மாணவன் தியாகராஜா, பதினேழு வயதுக்குட்பட்டோருக்கான ஆயிரத்தைந்நூறு மீற்றரை நாலு நிமிடம் பதினாறு செக்கனில் ஓடி வைத்த சாதனைக்கு இது ஐம்பதாவது வருடம். பொன்விழா. அந்தச் சாதனையை இன்றுவரை ஒருவரும் முறியடிக்கவில்லை என்று நாங்கள் நம்புகிறோம். ஒருவரும் போய்ச் சரிபார்க்கவும் இல்லை.

நான் ஓம் என்றேன். வேலையில்லாத மனிதன். போன வருடம் எனக்குப் பென்சன் வந்தது. பஸ் பாஸும் மேசையும் கதிரையும் இருக்கின்றன.

2

தொடக்கம் ஒன்று: 'விளையாட்டு என்பது பணம் அல்ல, ஆனால்—'

அந்த 'ஆனால்' எங்கே போய் நிற்கும் என்று எனக்கே தெரிந்தது. வெட்டினேன்.

தொடக்கம் இரண்டு: 'மைதானத்தின் தெற்கு மூலையில் ஒரு வேப்பமரம்—'

மரம் இருந்தது உண்மை. ஆனால் லண்டன் மலர்களில் இதுவரை நட்ட வேப்பமரங்களை எல்லாம் கொண்டுபோய் ஊரில் வைத்தால் அங்கே நடக்க இடமிராது. வெட்டினேன்.

தொடக்கம் மூன்று, நேரே கணக்கு. சென்ற வருடம் எங்கள் விளையாட்டு நிதிக்கு வந்தது நாற்பத்தோராயிரத்து முந்நூறு பவுண். விருந்து ரிக்கற், அதிர்ஷ்டச் சீட்டு, விளம்பரம். செலவு: மண்டபமும் சாப்பாடும் பத்தொன்பதாயிரம். பாட்டுக்குழு மூவாயிரத்து இருநூறு. பிரதம விருந்தினரின் விமானச் சீட்டும் ஹோட்டலும் இரண்டாயிரத்து எழுநூறு. ஊர் மைதானத்துக்குக் கட்டிய வாசல் வளைவு, கொடுத்தவர்களின் பெயர்கள் பொறித்தபடி, பதினோராயிரம். தியாகராஜா சாதனைக் கேடயம் நானூற்றி இருபது. பிள்ளைகளின் சப்பாத்துக்கும் முட்டைக்கும் ஆயிரத்து நூறு. மிச்சம் வங்கியில்.

அவர்களுடையதற்கு வந்தது எண்ணாயிரத்து எழுநூற்றி நாற்பது. தேவாலய மண்டபத்தில் றோல்ஸ், பற்றிஸ் என்று பலகாரம் விற்று, கோடையில் ஒரு நடைபவனி வைத்துச் சேர்த்தது. அதில் எண்ணாயிரத்து இருநூறு நேரே மைதானத்துக்குப் போயிருக்கிறது. பயிற்றுநர் ஒருவரின் சம்பளம், இருபத்தாறு பிள்ளைகளுக்குச் சப்பாத்து, கிழமைக்கு நாலு முட்டை.

ஒரு பவுண் வந்தால் எவ்வளவு பிள்ளையிடம் போகிறது என்று பார்த்தேன். எங்களுடையதில் மூன்று பென்சுக்கும் குறைவு. அவர்களுடையதில் தொண்ணூறு பென்சுக்கு மேல். எழுதி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் குலசேகரத்தின் ஃபோன் வந்தது.

"அண்ணை, உப்பிடிப் போட்டா அடுத்த வருசம் ஆர் விளம்பரம் தருவான்? வரவை மட்டும் ஒப்பிடுங்கோவன். செலவு பிறகு பாப்பம்."

அந்தக் கட்டுரை அங்கேயே நின்றிருந்தால் நல்லது. குலசேகரத்துக்கு ஏற்ற மாதிரி வெட்டிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். ஆனால் அதற்குள் அந்தப் பள்ளிக்கூடத்து லெஸ்லியிடம் அவர்களின் கணக்கைக் கேட்டிருந்தேன். அவர் கணக்கோடு பழைய கடிதக் கோப்பு ஒன்றையும் கொண்டுவந்துவிட்டார்.

3

லெஸ்லியை எனக்குப் பிடிக்கும். அதுதான் இந்தக் கதையில் என் பிரச்சினை.

தெற்கு லண்டனில், மிச்சம் என்ற இடத்தில் இருக்கிறார். முப்பது வருடம் தபால்காரராக நடந்தவர். அவர்களின் சங்கத்துக்குச் செயலாளர். 1976 ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தவரும் அவர்தான். ஒரு கதைக்கு அவர் கசப்பானவராக, பழியை ஐம்பது வருடம் நெஞ்சுக்குள் வைத்திருந்தவராக இருந்தால் வசதி. முதல் பிரதியில் அப்படித்தான் எழுதினேன். அதில் அவர் கடிதக் கோப்பை மேசையில் எறிகிறார். நிஜத்தில் வந்தவரோ ட்ராமில் வந்து இறங்கி, மனைவி பிறேமினி தந்துவிட்ட பற்றிஸ் பெட்டியை முதலில் நீட்டினார்.

கோப்புக்குள் ஒரு கடிதத்தின் காபன் பிரதி. 1976 ஜூலை. அவர்களின் விளையாட்டு மாஸ்டர் போட்டிக் குழுவுக்கு எழுதிய ஆட்சேபம். அவர், தியாகராஜா முதலில் படித்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போய், அங்கே இடாப்பை, அதாவது மாணவர் பதிவேட்டை, பார்த்து, தேதியை எடுத்து வந்திருக்கிறார். தியாகராஜா பிறந்தது 1958 மார்ச் 14. போட்டி நடந்தபோது அவனுக்குப் பதினெட்டு. அந்த ஓட்டத்தில் அவன் நின்றிருக்கவே கூடாது.

ஆட்சேபம் எடுபடவில்லை. எங்கள் கல்லூரியின் சேர்வு இடாப்பில் 1961 என்று இருந்தது.

"உமக்கு அண்டைக்கே தெரியுமா?" என்று லெஸ்லியைக் கேட்டேன்.

"ஏன் தெரியாமல்? ஸ்ரார்ட் கோட்டிலை பக்கத்திலை நிண்டவன் நான். மீசை வழிச்ச பச்சை தெரிஞ்சது."

"பிறகேன் ஐசே ஒண்டும் சொல்லேல்லை?"

"சொல்லித்தானே மாஸ்ரர் சைக்கிள் உழக்கினவர்."

கதைக்கு ஒரு கசப்பாவது வேண்டும் என்று விடாமல் கேட்டேன். ஒருநாளும் கோவம் வரேல்லையா? லெஸ்லி தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"அப்பா என்ரை ஓட்டம் பாக்க ஒருநாள்தான் வந்தவர். சீமெந்துத் தொழிற்சாலையிலை லீவு எடுத்துக்கொண்டு வந்தவர். அது அண்டைக்குத்தான். பிறகு அவருக்கு வரக் கிடைக்கேல்லை." பிறகு அவரே தொடர்ந்தார். "ஆனா ஐசே, தியாகுவைத் துரத்தினதாலைதான் நான் அப்பிடி ஓடினன். அதுக்குப் பிறகு அந்த ஓட்டம் எனக்கு வரவேயில்லை. நல்ல நாள் அது."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம்தான். நான் வேறு ஏதாவது தேடிப் பார்த்தேன், இல்லை. முதல் பிரதி லெஸ்லியைக் கிழித்துப் போட்டேன்.

போகும்போது வாசலில் நின்று அவர் சொன்னார்: "எனக்கு இந்தப் பெப்ரவரியிலை பென்சன் வந்திட்டுது. தியாகு இன்னும் வேலையெண்டு கேள்வி. உது சரியில்லை. இந்தக் கடிதம் அவருக்கு உதவுமெண்டா எடும். உங்கடை சங்கமும் ஒரு கடிதம் குடுத்தா இன்னும் நல்லது."

4

தியாகராஜாவைப் பற்றி எழுதப் பயமாக இருக்கிறது. ஆனால் அவன் இல்லாமல் இனி நகர முடியாது.

தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பெற்றோல் நிலையத்தில் காலை ஷிப்ற். ஆறு மணிக்குக் கல்லாவில் நிற்க வேண்டும். கதிரையில் இருந்து வேலை செய்ய விடமாட்டார்கள். இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. வலது முழங்கால் இடதுக்காக உழைத்துத் தானும் தேய்ந்துவிட்டது. அவனுக்கு உண்மையில் அறுபத்தெட்டு. கடவுச்சீட்டில் அறுபத்தைந்து.

கணக்கு இதுதான். 1958இல் பிறந்தவனுக்கு அறுபத்தாறில், 2024இல் பென்சன். 1961 மார்ச்சில் பிறந்தவனுக்கு அது அறுபத்தேழாக ஏறி, 2028இல்தான் வரும். நாங்கள் குறைத்தது மூன்று வருடம். அரசாங்கம் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தது. ஆக நாலு.

[நாங்கள் என்று எழுதிவிட்டேன். அப்படியே விடுகிறேன்.]

ஏன் அப்போதே மாற்றவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். கல்லூரி விடுகைப் பத்திரத்தை வைத்துத்தான் அவனுக்கு அடையாள அட்டை எடுத்தார்கள், 1961 என்று. அடையாள அட்டையை வைத்துக் கடவுச்சீட்டு. 1989இல் இங்கே வந்து அகதி விண்ணப்பம் போட்டபோது கையில் இருந்த ஒரே அத்தாட்சி அது. ஒரு சொல் மாறினாலும் பொய்யன் என்று திருப்பி அனுப்புவார்கள் என்ற பயம் அப்போது எங்கள் எல்லோருக்கும் இருந்தது. பிறப்புப் பதிவு இருந்த கந்தோர் யுத்தத்தில் எரிந்தது. சாதகம் வீட்டோடு போய்விட்டது. லெஸ்லியின் ஆட்களுக்கென்றால் பங்குப் புத்தகத்தில் ஞானஸ்நானத் தேதியாவது இருக்கும்.

ஆனாலும் எத்தனை நாள் இந்த மூன்று வருடத்தை வைத்துச் சிரித்திருக்கிறோம். 1990இல் தோர்ண்டன் ஹீத்தில் ஒரே அறையில் ஆறு பேர் இருந்தோம். ஞாயிறு காலையில் மற்ற நாலு பேரும் குறட்டை விட, நானும் அவனும் மிச்சம் ஊர்ப் புல்வெளிக்குப் போவோம். அவன் ஓடுவான், நான் புல்லில் இருந்து கையில் சுருட்டிய பேப்பரில் கதை எழுதுவேன். அந்தக் கோடையில் லண்டன் தமிழர் விளையாட்டு விழா நடந்தது. 'முப்பது வயதுக்கு மேற்பட்டோர்' ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கப் போனோம். பட்டியல் வைத்திருந்த மனிதர் அவனுடைய அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பிக்கு இன்னும் முப்பது வரேல்லை, அடுத்தமுறை வாரும்" என்றார். அவனுக்கு அப்போது முப்பத்திரண்டு. குறைந்த வயதில் ஓடி வென்றவனைக் கூடிய வயதில் ஓட விடவில்லை. புல்லில் விழுந்து கண்ணீர் வரச் சிரித்தோம். அன்று வெயில் அடித்தது. ஒரு பெட்டி வறுத்த உருளைக்கிழங்கை இருவரும் பங்கு போட்டோம். கையில் காசு இல்லை, முழங்கால் இருந்தது. நான் லண்டனில் மிகச் சந்தோஷமாக இருந்த நாள் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அந்த வெளியை ட்ராமில் கடக்கும்போதெல்லாம் புல்லில் எங்கள் இருவரையும் தேடுகிறேன்.

1976 ஓட்டத்தையும் சொல்ல வேண்டும். வெறுங்கால். புல் எரிந்து மஞ்சளாகிக் கிடந்த பாதை. மூன்று சுற்று வரை லெஸ்லி முன்னால். கடைசிச் சுற்றின் வளைவில் தியாகராஜா தலையைச் சற்றுச் சரித்தான். அவன் தலையைச் சரித்தால் போகப்போகிறான் என்று எங்களுக்குத் தெரியும். மைதானம் முழுக்க எழும்பி நின்றது. அவர்களின் ஆட்களும்தான் எழும்பி நின்றார்கள். முடிவுக் கயிற்றை அறுத்துக்கொண்டு நேரே என்னிடம் ஓடிவந்து, மூச்சு வாங்க, "எழுது" என்றான். கல்லூரிச் சஞ்சிகைக்கு அந்த ஓட்டத்தை எழுதியவன் நான். அச்சில் வந்த என் முதல் எழுத்து அது. 'பதினைந்தே வயதான எமது வீரன்' என்று தொடங்கியது.

5

இடாப்பு எப்படி 1961 ஆனது என்பதை இங்கே எழுத வேண்டும்.

'அக்காலத்தில் பள்ளிக்கூடங்களில் வயது குறைத்து ஓட விடுவது வழமையாக இருந்தது. எங்கள் விளையாட்டு மாஸ்டரின் வேண்டுகோளின் பேரில், நல்ல கையெழுத்துடைய மாணவன் ஒருவன்—'

[மாணவன் ஒருவன் அல்ல. நான்.]

கல்லூரியில் எனக்குத்தான் எழுத்து அழகு. பரிசளிப்பு விழாச் சான்றிதழ்களில் பெயர் எழுதுவது நான். முதலில் வயது அத்தாட்சிப் படிவம். அது ஒரு வரி, ஒரு தேதி, அதிபர் வாசிக்காமல் ஒப்பமிட்டார். இரண்டு வருடம் குறைத்தாலே போதும். மாஸ்டர்தான் மூன்றாகக் குறைக்கச் சொன்னார், அடுத்த வருடமும் அதே பிரிவில் ஓடலாம் என்று. அடுத்த வருடம் தியாகராஜா ஓடவில்லை. தகப்பன் நோயாகிப் பாயில் விழுந்ததால் படிப்பை விட்டான். அந்த மூன்றாவது வருடம் ஒருவருக்கும் பயன்படாமல் போனது.

பிறகு அவர்களின் ஆட்சேபம் வந்தது. பரிசோதகர் வரப்போகிறார் என்று கதை. ஒரு சனிக்கிழமை மாஸ்டர் சேர்வு இடாப்பையும் ஒரு மைப் போத்தலையும் என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரு தேதியைச் சுரண்டினால் தெரியும். ஆகவே பக்கத்தையே புதிதாக எழுதினேன். முப்பத்திரண்டு பிள்ளைகளின் பெயர், தகப்பன் பெயர், ஊர், தேதி. ஒரே நாளில் எழுதியது போலத் தெரியாமல் இருக்க இடைக்கிடை பேனையின் நிப்பை மாற்றினேன். நாலாவது பெயருக்குக் கொஞ்சம் தண்ணீர் கலந்த மை. பதினேழு வயதில் அது எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். தியாகராஜா பக்கத்தில் இருந்து விசிறினான், மை காய. "மூண்டு வருசம் சும்மா கிடைக்குது மச்சான்" என்று சிரித்தான்.

என்னுடைய முதல் கதை எது என்று மேடைகளில் கேட்பார்கள். சஞ்சிகையில் வந்த ஏதோ ஒன்றைச் சொல்வேன். உண்மையில் அந்தப் பக்கம்தான். நான் எழுதியதிலேயே எல்லோரும் நம்பிய எழுத்தும் அதுதான். இரண்டு நாடுகள் அதை நம்பின.

ஆகவே குலசேகரம் கேட்ட ஒப்பீட்டில் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். எங்கள் கல்லூரி விளையாட்டுத் துறையின் ஆகப்பெரிய செலவு எந்தக் கணக்கிலும் இல்லை. அது தியாகராஜாவின் நாலு வருடம். அதை வைத்து நாங்கள் ஐம்பது வருடம் வரவு எடுத்திருக்கிறோம்.

6

லெஸ்லி தந்த கடிதத்தோடு தியாகராஜாவைக் கூட்டிக்கொண்டு, பென்சன் கந்தோருக்குச் சங்கத்தின் கடிதம் ஒன்று கேட்க நகைக்கடைக்குப் போனேன். குலசேகரம் எங்களை மேல்மாடிக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். கடிதத்தை இரண்டு முறை வாசித்தார்.

அவரைக் கெட்டவராக எழுதினால் சுகம். ஆனால் அவர் தியாகராஜாவின் முழங்காலைப் பார்த்துவிட்டுத் தன் மெத்தைக் கதிரையை விட்டு எழும்பி அவனை அதில் இருத்தினார். 1976இல் அவர் பன்னிரண்டு வயதுப் பொடியன். அந்த ஓட்டத்தைப் பார்த்த நாளிலிருந்து தியாகராஜாதான் அவருக்கு எல்லாம்.

"தியாகு அண்ணை, பொன்விழாவுக்கு முந்நூற்றைம்பது பேர் வருகினம். பனர் அடிச்சாச்சு. இப்ப நாங்களே போய் அது பொய்யெண்டு கடிதம் குடுக்கிறதோ? அவையள் விடுவினமோ? இருபது வருசத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பினம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்கள் கஷ்டப்பட வேண்டாம் அண்ணை. மாசம் மாசம் நிதியிலையிருந்து ஒரு தொகை தருவம். ஆருக்கும் தெரிய வேண்டாம். நாளைக்கே வேலையை விடுங்கோ."

நல்ல தொகைதான். நானே ஓம் சொல்லியிருப்பேன்.

தியாகராஜா மெத்தைக் கதிரையின் கையைப் பிடித்து மெல்ல எழும்பினான். "குலம், நீர் நல்ல மனிசன். ஆனா எனக்குக் காசு வேண்டாம். என்ரை வயசைத் தாங்கோ."

குலசேகரத்தின் கண் கலங்கியிருந்தது. ஆனால் சங்கத்தின் கடிதத்தைத் தரவில்லை.

7

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதல் பகுதியில் நான் சொன்னது அரைவாசிதான். கட்டுரை கேட்டது உண்மை. ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது அதனால் அல்ல, மூன்று கிழமைக்கு முன் ஒரு சட்டத்தரணியின் அறையில் நடந்ததால்.

கஜந்தினி, ஈஸ்ட் ஹாமில், ஒரு சேலைக்கடைக்கு மேலே. இங்கேயே பிறந்த பிள்ளை. லெஸ்லி தந்த காபன் பிரதியைக் கண்ணாடித்தாள் உறைக்குள் போட்டுக் கையால் தொடாமல் வாசித்தாள்.

"அங்கிள், திஸ் இஸ் குட். பழைய பேப்பர்தான் ஸ்ட்றோங். பட், இது மற்ற ஸ்கூல் எழுதினது. றைவல் ஸ்கூல். பொறாமையிலை எழுதினது எண்டு சொல்லலாம். உங்கட ஸ்கூல் சைட்டிலை இருந்து ஆராவது வேணும்."

"சங்கம் தரமாட்டுது பிள்ளை."

"சங்கம் பரவாயில்லை. இந்த றெஜிஸ்ரரை மாத்தி எழுதினது ஆர்? அந்த மாஸ்ரரா?"

"மாஸ்ரர் எழுதேல்லை. அவர் எப்பவோ செத்துப்போனார்."

"தென் ஹூ? எழுதின ஆள் உயிரோட இருந்தா, ஒரு பக்கம் போதும் அங்கிள். 'நான்தான் எழுதினன், உண்மையான டேற் இது' எண்டு என்ர முன்னால சத்தியம் பண்ணி ஒரு சைன். அதோட இதை அனுப்பினா நம்புறதுக்குச் சான்ஸ் இருக்கு. அது இல்லாட்டி ரொம்பக் கஷ்டம்."

நான் அவனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். எங்கள் இருவரின் முழங்கைகளும் தொட்டுக்கொண்டிருந்தன.

தியாகராஜா சுவரைப் பார்த்தான். "தெரியாது பிள்ளை" என்றான். "ஆரோ ஒரு பொடியன். ஞாபகமில்லை."

அவள் என்னைப் பார்த்தாள். "அங்கிள், நீங்களும் அதே வகுப்புத்தானே. உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

நான் சொன்னேன்: "அம்பது வருசமாச்சுப் பிள்ளை."

அது பொய்யில்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது. அவள் பேனையை மூடி வைத்தாள். எதற்கும் மூன்று கிழமை கழித்து வரும் வியாழக்கிழமை பதினொரு மணியை எங்களுக்கென்று ஒதுக்கி வைப்பதாகவும், அதற்குள் யாராவது ஞாபகத்துக்கு வந்தால் கூட்டிக்கொண்டு வரும்படியும் சொன்னாள். நான் தேதியைக் குறித்துக்கொண்டேன், என் அழகான எழுத்தில்.

வெளியே வந்து ரெயில் நிலையப் படி வரை நடந்தோம். அவன் ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்து இறங்கினான். கீழே போனதும் நான்தான் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று.

"உனக்கொரு பேர் இருக்கு மச்சான். புத்தகத்திலை வாற பேர். அதைக் கொண்டுபோய் உந்தக் கள்ளவேலைக்குக் கீழை போடுறதோ? எனக்கு வயசு மட்டும்தானே பிழை." பிறகு மணிக்கூட்டைப் பார்த்தான். "வாறன். நாளைக்கு ஆறு மணிக்கு ஷிப்ற்."

நான் அந்த இடத்தில் வெட்கத்தால் செத்தேன். இதை அழகாகச் சொல்ல வேறு வழி தெரியவில்லை.

8

முடிவுகள்.

அ. பொன்விழா மேடை. குலசேகரம் ஒலிவாங்கியைப் பிடிக்கிறார். உண்மையைச் சொல்கிறார். லெஸ்லியை மேடைக்கு அழைக்கிறார். தியாகராஜாவே கேடயத்தை எடுத்து அவர் கையில் கொடுக்கிறான். முந்நூற்றைம்பது பேரும் எழும்பி நின்று கை தட்டுகிறார்கள். இதை எழுதும்போது எனக்குக் கண்ணீர் வந்தது. உடனே சந்தேகப்பட்டேன். இதில் நான் எங்கேயும் இல்லை. மற்ற எல்லோரும் நல்லவர்களாகிவிட, நான் கூட்டத்தில் இருந்து கை தட்டுகிறேன்.

ஆ. ஒன்றும் நடக்கவில்லை. 2028 மார்ச்சில், எழுபது வயதில், அவனுக்கு அறுபத்தேழாவது பிறந்தநாள் வருகிறது. சங்கம் பொன்னாடை போர்த்துகிறது. நான் வாழ்த்துப்பா எழுதுகிறேன். இந்த முடிவுக்கு யாரும் எதுவும் செய்யத் தேவையில்லை. தானாகவே நடக்கும்.

இ. வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு நான் அந்தப் படியில் ஏறி, கஜந்தினியின் முன்னால் இருந்து, என் கையால்—

இந்த வசனத்தை ஆறு முறை எழுதிப் பார்த்தேன். ஆறு முறையும் 'என் கையால்' வரை வந்து நின்றுவிட்டது.

பயம் என்ன என்று வெளிப்படையாகச் சொல்கிறேன். வழக்கு வரும் என்ற பயம் கொஞ்சம். ஐம்பது வருடத்துப் பழைய பள்ளிக்கூடப் பக்கத்துக்காக என்னை யாரும் சிறையில் போடமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். அதைவிடக் கூடப் பயப்படுவது வேறொன்றுக்கு. எழுத்தாளர் இன்னார், அவர்தானாம் எழுதினவர், என்று கலியாண வீட்டில் பக்கத்து மேசையில் கதைப்பார்கள். அவ்வளவுதான். அந்த மேசைக்கும் அவனுடைய இரண்டு முழங்காலுக்கும் இடையில் இருந்துகொண்டு மூன்று கிழமையாக ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவள் கேட்டது ஒரு பக்கம். நான் எழுதி வைத்திருப்பது இத்தனை பக்கம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று ஒரு நிம்மதிகூட வந்தது. ஆனால் கதையில் சொல்வதை யாரும் சத்தியக் கடதாசியாக எடுப்பதில்லை. இதை வாசித்துவிட்டு நல்லா எழுதியிருக்கிறீர்கள் என்பார்கள், குலசேகரம்கூட. பென்சன் கந்தோரில் இது ஒன்றுக்கும் உதவாது. தமிழில் வேறு இருக்கிறது.

நாளைக்கு வியாழன்.

கதையை இத்தோடு நிறுத்துகிறேன். நாளைக்கு நடப்பதை நான் இதில் எழுதப்போவதில்லை. எழுதினால் எனக்கு ஏற்ற மாதிரித்தான் எழுதுவேன், நிப்பை மாற்றி மாற்றி. நீங்கள் இதை வாசிக்கும்போது அந்த வியாழன் போய் எத்தனையோ மாதம் ஆகியிருக்கும். முடிவு தெரிய வேண்டுமென்றால் ஒரு காலையில் தோர்ண்டன் ஹீத் பக்கம் போங்கள். பெற்றோல் அடிக்காவிட்டாலும் பரவாயில்லை, உள்ளே போய் ஒரு தண்ணீர்ப் போத்தல் வாங்குங்கள். கல்லாவில் நெட்டையான ஒரு மனிதர், இடது காலில் பாரம் போடாமல், மேசையில் கை ஊன்றி நின்றால், நான் போகவில்லை. அல்லது போயும் என்னை நம்பவில்லை. இரண்டில் எது என்று அவனிடம் கேட்க வேண்டாம். தெரியாது என்றுதான் சொல்லுவான்.